நானூறு பக்கப் பேச்சும் ஒரு வரிக் கூற்றும்

வாசகர் கேள்வி – நெறியாளர் பதில்

பண்புசார் ஆய்வை எழுதி முடிப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்பதை இம்முறை வந்த கடிதங்கள் காட்டுகின்றன. பெரும்பகுதி அதே பொருளைத்தான் கேட்கின்றன. எண்களை அட்டவணையிட்டு எழுதும் ஆய்வுக்குப் பழகிப்போன வார்ப்பு ஒன்று இருக்கிறது. மனிதர்களின் பேச்சையும் களக்குறிப்புகளையும் வைத்து எழுதுபவருக்கு அப்படி ஒன்று எளிதில் அகப்படுவதில்லை என்பதால் இந்தத் தவிப்பு இயல்பானதே. ஒத்த கேள்விகளைச் சேர்த்து எட்டாகச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

18 நேர்காணல்களை முடித்துவிட்டேன். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியதில் 400 பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. முன்னுரையை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
— முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்

முன்னுரையை எடுத்து வைத்துவிடுங்கள். அது கடைசியில் எழுத வேண்டியது. உங்கள் முடிவுகள் என்னவென்று உங்களுக்கே இன்னும் தெளிவாகாத நிலையில் அவற்றுக்கு வாசல் கட்ட முயன்றதால்தான் மூன்று முறையும் இடிக்க நேர்ந்தது. கண்டறிதல்கள் இயலிலிருந்து தொடங்குங்கள். அதிலும், 18 நேர்காணல்களில் உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் நீங்கள் எதிர்பார்த்த பதில் எந்த இடத்தில் வரவில்லை, பேசியவர் எந்தக் கேள்விக்கு முன்னால் தயங்கினார், எதை இரண்டு முறை சொன்னார் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடுத்து, அதை ஒத்த இன்னொரு நேர்காணலையும், அதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். மூன்றாவதை எழுதும்போதே, முதலாவதைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஏதோ ஒரு வாக்கியம் பொய்த்துப்போகும். அதைத் திருத்த முனையும் இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல், தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டியெழுப்பும் தங்கள் முறையை விளக்கியபோது, தரவுக்குக் குறியிட்டுக்கொண்டே (பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைச் சுட்டும் சிறு பெயர் இட்டுக்கொண்டே) போகும் ஆய்வாளர் மனத்தில் ஒரு முரண்பாடு எழுந்தவுடன் குறியிடுதலை நிறுத்திவிட்டு அதைக் குறிப்பாக எழுத வேண்டும் என்று விதியாகவே சொன்னார்கள். பகுப்பாய்வை முழுதும் முடித்துவிட்டுப் பிறகு எழுத உட்காரலாம் என்று காத்திருப்பவர்கள் 400 பக்கத்தின் முன் மலைத்து நிற்பதுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். அந்த 400 பக்கத்தையும் எழுத்தாக்கியவர் நீங்கள்தானா? ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும், பிடிக்கிறது. ஆகவே பலரும் அதை வேறொருவரிடமோ மென்பொருளிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அப்படிச் செய்திருந்தால், எழுதத் தொடங்குமுன் ஒலிப்பதிவுகளை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். தாளில் 'ஆமாம்' என்று ஒரே சொல்லாக இருப்பது, காதில் பத்து நொடி மௌனத்துக்குப் பின் வந்த ஆமாமாக இருக்கலாம்.

முதுமையடைந்த பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களைப் பற்றியது என் ஆய்வு. என் கருப்பொருள்கள் மூன்று: பொருளாதாரச் சிக்கல், குடும்ப ஆதரவு, மன அழுத்தம். நெறியாளர் 'இவை தலைப்புகள்தான், கருப்பொருள்கள் அல்ல' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
— முதுநிலை மாணவி ஒருவர்

உங்கள் நெறியாளர் சொன்னது சரி. ஆனால் ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அந்த மூன்று சொற்களையும் நீங்கள் ஒருவரையும் சந்திக்காமல், நாற்காலியை விட்டு எழாமல், முதல் நாளே எழுதியிருக்க முடியும். நேர்காணலுக்கு எடுத்துச்சென்ற வினாநிரலின் பகுதித் தலைப்புகள்தாம் களத்தைச் சுற்றிவிட்டு அப்படியே உங்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு தலைப்பு, மக்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று மட்டும் சொல்லும். கருப்பொருளோ அதைப் பற்றி நீங்கள் முன்வைக்கும் ஒரு கூற்று; அதை மறுக்கவும் முடிய வேண்டும். 'மன அழுத்தம்' என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை.

கருப்பொருள்வழிப் பகுப்பாய்வை ஆறு கட்டங்களாக 2006இல் வகுத்துத் தந்த வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும், அம்முறையைக் கையாள்வோர் இதே இடத்தில் இடறுவதைப் பின்னாளில் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர்களின் ஆறு கட்டங்களில் கடைசிக் கட்டம் அறிக்கை எழுதுவதுதான் என்பதைக் கவனியுங்கள். அதாவது எழுதுவதையும் பகுப்பாய்வுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 'தரவுகளிலிருந்து மூன்று கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோமே, அந்த வாக்கியமும் அவர்களுக்கு உவப்பானதன்று. புதைந்து கிடந்த பானை மண் விலகியதும் வெளிப்படுவதுபோலக் கருப்பொருள்கள் வெளிப்படுவதில்லை. அவற்றைக் கட்டியவர் நீங்கள். ஆகவே எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது.

நல்ல கருப்பொருள் எப்படியிருக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று சொல்கிறேன். சற்று முன் குறிப்பிட்ட அதே கிளேசரும் ஸ்ட்ராஸும், மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளையும் அவர்களைச் சூழ்ந்தவர்களையும் ஆராய்ந்து 1965இல் எழுதினார்கள். 'நோயாளியுடனான தகவல்தொடர்பு' என்று ஓர் இயலுக்குத் தலைப்பிட்டுவிட்டு அவர்கள் ஓய்ந்திருக்கலாம். மாறாக, யாருக்கு எது தெரியும், தெரிந்தவர் அதை எப்படி நடத்துகிறார் என்பதை வைத்து நான்கு நிலைகளைப் பிரித்தார்கள்: நோயாளிக்குத் தெரியாமல் மற்றவர்கள் மறைக்கும் நிலை, நோயாளி சந்தேகிக்கும் நிலை, இரு தரப்புக்கும் தெரிந்தும் இருவருமே தெரியாததுபோல் நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் நிலை. அந்த மூன்றாவது நிலையைப் படித்த பிறகு எந்த மருத்துவமனை அறைக்குள் நுழைந்தாலும் அது கண்ணில் படும். வினாநிரலிலிருந்து அதை வரவழைத்திருக்க முடியாது.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். பின்வரும் மேற்கோள் விளக்கத்துக்காக நானே புனைந்தது. உங்களிடம் இதுபோல ஏதேனும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மூச்சு வருதான்னு பார்ப்பேன். வந்துச்சுன்னா நிம்மதி. அப்புறம் திரும்பி வந்து படுத்தா… என்னன்னு சொல்றது, ஒரு சலிப்பு. அந்தச் சலிப்புக்காக அழுகை வரும். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை."

இதை நீங்கள் அனுப்பியிருக்கும் மாதிரிப் பக்கத்தின் நடையில் எழுதினால் இப்படி அமையும்: 'பங்கேற்பாளர்கள் கடுமையான மன அழுத்தத்தை உணர்ந்ததாகக் கூறினர்' என்று ஒரு வரி, அடியில் மேற்கோள், உடனே அடுத்த மேற்கோள். படிப்பவருக்கு மேற்கோள் உங்கள் வாக்கியத்தைவிடப் பத்து மடங்கு அதிகம் சொல்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லையோ என்ற ஐயமும் அவருக்கு எழுகிறது. இப்போது இதே இடத்தை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம்:

'களைப்பைப் பற்றிப் பேசுவதில் பராமரிப்பவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. தூக்கமின்மையையும் முதுகுவலியையும் கேளாமலேயே விவரித்தார்கள். தயக்கம் வேறோர் இடத்தில் இருந்தது. பெற்றோர் உயிரோடிருப்பது கண்டு அடையும் நிம்மதியோடு ஒட்டிக்கொண்டு வரும் சலிப்பைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சொல் தேடினார்கள். அதை முன்பு எவரிடமும் சொன்னதில்லை என்றார்கள். மேலே பேசியவர், சலிப்பைச் சொன்ன மறு வாக்கியத்திலேயே அதற்கான அழுகையையும் சொல்லிவிடுகிறார். களைப்பு ஒப்புக்கொள்ளத்தக்கதாகவும், விடுதலை விரும்புவது தண்டனைக்குரியதாகவும் அவர்களுக்குள் பிரிந்து நிற்கின்றன. அந்தத் தண்டனையை அவர்கள் தமக்குத் தாமே அளித்துக்கொள்கிறார்கள்.'

இந்தப் பத்தியின் கடைசி வாக்கியம்தான் உங்கள் கருப்பொருள். அதை யாரும் மறுக்கலாம். 'இந்த மூன்று பேர் விடுதலை விரும்புவதை வெட்கமின்றிச் சொன்னார்களே' என்று உங்கள் தரவிலிருந்தே ஒருவர் கேட்கலாம். கேட்டால் அந்த மூன்று பேரையும் இயலுக்குள் கொண்டுவந்து, அவர்கள் எதில் வேறுபடுகிறார்கள் என்று ஆராயுங்கள். உடன்பிறந்தோர் முறை வைத்துப் பராமரிக்கும் வீடுகளில் மட்டும் அப்படிப் பேச முடிகிறதா? அப்படியானால், தனிமைக்கும் அந்த வெட்கத்துக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. முரண்படும் நேர்காணல்களை மறைத்து எழுதப்பட்ட இயலைத் தேர்வாளர் எளிதில் மோப்பம் பிடித்துவிடுவார். எல்லோரும் ஒரே குரலில் பேசும் 18 பேர் உலகில் எங்கும் கிடையாது.

மேற்கோள்களை எத்தனை சேர்க்கலாம்? எவ்வளவு நீளம்? பேச்சுவழக்கைத் திருத்தி எழுத்துத்தமிழில் தரலாமா?
— கல்லூரி ஆசிரியர் ஒருவர்

எண்ணிக்கைக்கு விதி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் உங்கள் வாக்கியங்களைவிடப் பங்கேற்பாளர்களின் வாக்கியங்கள் அதிகமாக இருந்தால், நீங்கள் எழுதவில்லை, தொகுத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரே கருத்துக்கு மூன்று மேற்கோள்கள் இருந்தால் அவற்றில் இரண்டை நீக்கிவிடுங்கள். நீக்க மனம் வரவில்லையென்றால் அவை மூன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்கின்றனவா என்று மீண்டும் பாருங்கள், பெரும்பாலும் சொல்லும். ஒருவரே திரும்பத் திரும்ப மேற்கோளில் வருகிறாரா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் எந்த ஆய்விலும் இருப்பார். அவரையே சார்ந்து இயல் முழுவதையும் எழுதிவிடும் ஆசைக்கு நானும் ஆளாகியிருக்கிறேன். என் தேர்வாளர் பங்கேற்பாளர் எண்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டியபோதுதான், 24 பேரைச் சந்தித்த நான் ஐந்து பேரை மட்டுமே பேச விட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

மேற்கோளைத் தனியே தொங்கவிடாதீர்கள். அதற்கு முன்னால், அவர் எந்தக் கேள்விக்கு, எந்தச் சூழலில், எந்தத் தொனியில் அதைச் சொன்னார் என்று ஒரு வரியும், பின்னால் அதில் நீங்கள் எதைக் காண்கிறீர்கள் என்று குறைந்தது இரு வரியும் வேண்டும். மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல், ஒரு செயலை அதன் சூழலோடும் பொருளோடும் சேர்த்து எழுதும் 'செறிவான விவரிப்பு' என்ற கருத்தைப் பரவலாக்கியபோது, தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் காட்டிய ஓர் எடுத்துக்காட்டைக் கையிலெடுத்தார். கண் துடிப்பதும் கண் சிமிட்டிச் சைகை செய்வதும் புகைப்படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அந்தச் சூழலின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 'எங்க மேலாளர் ரொம்ப நல்லவர்' என்ற வாக்கியமும் அப்படித்தான். மேலாளர் பக்கத்து அறையில் இருந்தாரா, பேசியவர் சிரித்தாரா என்பதை நீங்கள் எழுதாவிட்டால் வாசகரிடம் இருப்பது வெறும் துடிப்பு.

பேச்சுவழக்கைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மாற்றாதீர்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்றிய மறு கணமே பேசியவரின் தயக்கமும் அழுத்தமும் போய்விடும். எல்லோரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்போல் ஒலிப்பார்கள். அதே வேளையில் எல்லா 'ம்', 'அது வந்து' ஆகியவற்றையும் அச்சில் நிறைப்பது, உரையாடலின் அமைப்பையே ஆராய்பவருக்குத்தான் தேவை. அத்தகைய ஆய்வுக்கென்று கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டு முறை மௌனத்தைக்கூட நொடியின் பத்தில் ஒரு பங்குவரை அளந்து எழுதுகிறது; உங்களுக்கு அது வேண்டியதில்லை. சொற்களை விட்ட இடத்தில் புள்ளிகளும், நீங்கள் சேர்த்த சொல்லுக்குப் பகர அடைப்பும் இட்டு, இந்த வழக்கத்தை முறையியல் இயலில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒரு தரப்பினரின் பேச்சை மட்டும் கொச்சையாக விட்டுவிட்டு, படித்தவர்களின் பேச்சைத் திருத்திப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அது அறியாமல் செய்யப்படும் அவமதிப்பு.

பேசியது ஒரு மொழி, ஆய்வேடு வேறு மொழி என்றால், மொழிபெயர்த்தவர் யார், எந்தக் கட்டத்தில் மொழிபெயர்க்கப்பட்டது என்பதை எழுதியாக வேண்டும். குறியிடுதலை மூலமொழியில் செய்துவிட்டு மேற்கோளை மட்டும் பெயர்ப்பது சிறந்தது. பெயர்க்க முடியாத ஒரு சொல் அகப்பட்டால் அதை அப்படியே வைத்து, அரைப் பக்கம் விளக்குங்கள். பல ஆய்வுகளில் அந்த ஒரு சொல்லே முழு இயலுக்கும் அச்சாக அமைந்துவிடும்.

முறையியல் இயலில் 'தரவு நிறைவு எட்டப்பட்டது' என்று எழுதியிருந்தேன். 'எப்படித் தெரியும்?' என்று ஒரே கேள்வியில் மதிப்பீட்டாளர் என்னை மடக்கிவிட்டார்.
— ஆய்வு உதவியாளர் ஒருவர்

நியாயமான கேள்வி. புதிய நேர்காணல்கள் புதிதாக எதையும் தரவில்லை என்னும் நிலையைக் குறிக்கும் அந்தச் சொற்றொடர் இப்போது சடங்காகிவிட்டது. இதில் பலரும் சான்று காட்டுவது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரையை. கானா, நைஜீரியா ஆகிய இரு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆறு ஆறாகப் பகுத்துப் பார்த்து, பெரும்பாலான குறியீடுகள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே உருவாகிவிட்டன என்று அவர்கள் கண்டார்கள். அதிலிருந்து '12 போதும்' என்ற வாய்ப்பாடு பிறந்துவிட்டது. அவர்களுடைய பங்கேற்பாளர்கள் ஓரளவு ஒத்த தன்மையுடையவர்கள், கேள்விகள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே, ஆய்வின் நோக்கமும் குறுகியது என்ற நிபந்தனைகளை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகிறார்கள்.

எனவே அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு நடந்ததை எழுதுங்கள். 'பதினான்காவது நேர்காணலுக்குப் பின் குறியீட்டுப் பட்டியலில் புதிதாக எதுவும் சேரவில்லை. மேலும் மூவரைச் சந்தித்து அதை உறுதிசெய்துகொண்டோம்' என்பது நல்ல வாக்கியம். 'அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததால் 17இல் நிறுத்தினோம். இரவுப் பணியாளர்களைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியிருந்தது' என்பது அதைவிட நல்லது, ஏனென்றால் அது உண்மையாக ஒலிக்கிறது.

முறையியலில் எதை எழுதுவது என்று தெரியாமல் பாடநூல் வரையறைகளால் பக்கம் நிரப்புபவர்கள், நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றுக்கென 2007இல் வெளிவந்த 32 கூறுகள் கொண்ட 'கோரெக்' சரிபார்ப்புப் பட்டியலையோ, எல்லாவகைப் பண்புசார் ஆய்வுகளுக்கும் பொதுவாக 2014இல் வந்த 21 கூறுகள் கொண்ட 'எஸ்ஆர்கியூஆர்' நெறிமுறையையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நேர்காணல் எடுத்தவர் யார், பங்கேற்பாளருக்கு அவரை முன்பே தெரியுமா, மறுத்தவர்கள் எத்தனை பேர், அருகில் வேறு எவரும் இருந்தார்களா என்பன போன்ற, எழுத மறந்துவிடும் செய்திகளை அவை நினைவூட்டும். ஆனால் பட்டியலின் 32 கட்டங்களையும் நிரப்பியதால் ஆய்வு சிறந்ததாகிவிடாது. பட்டியலுக்காகவே எழுதப்பட்ட முறையியல் இயல், விண்ணப்பப் படிவத்தைப் படிப்பதுபோல் இருக்கும்.

'நான்' என்று எழுதலாமா? 'ஆய்வாளர்' என்றே எழுத வேண்டும் என்று துறையில் சொல்கிறார்கள்.
— முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்

துறை கட்டாயப்படுத்தினால் 'ஆய்வாளர்' என்றே எழுதுங்கள். அதற்காகப் போரிட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம். எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், பேசியவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆள் எழுத்தில் தெரிய வேண்டும் என்பதே முக்கியம். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதலாம் உலகப் போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிச் செய்த களப்பணி, மானிடவியலுக்கே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு அச்சேறியபோது, தாம் ஆராய்ந்த மக்கள்மீது அவருக்கிருந்த எரிச்சலும் தனிமையும் ஏக்கமும் அதில் கொட்டிக் கிடந்ததைக் கண்டு துறையே அதிர்ந்தது. நிதானமான நூல்களில் அவற்றின் சுவடு அநேகமாக இல்லை.

நாட்குறிப்பு முழுவதையும் இயலில் கொட்டச் சொல்லவில்லை. உங்கள் இருப்பு தரவை எங்கே மாற்றியது என்பதை மட்டும், அது நிகழ்ந்த இடத்திலேயே சொல்லுங்கள். 'ஆய்வாளர் செவிலியராகப் பணியாற்றியவர் என்பது சார்புநிலையை ஏற்படுத்தியிருக்கலாம்' என்ற பொதுவாக்கியத்தால் பயனில்லை. 'நானும் செவிலியர் என்று தெரிந்ததும் அவர் மருந்து தவறிய நிகழ்ச்சியை விவரிப்பதை நிறுத்தி, "உங்களுக்குத் தெரியாததா" என்றார். தெரிந்ததுபோல் தலையசைத்து ஒரு விளக்கத்தை இழந்தேன்' என்று எழுதினால் வாசகருக்கு உங்கள் தரவில் எங்கே ஓட்டை இருக்கிறதென்று புரியும்.

20 பேரில் 13 பேர் என்று எண்ணிக் கூறலாமா?
— வாசகர் ஒருவர்

எழுதலாம், விழுக்காடாக்க வேண்டாம். '65 விழுக்காட்டினர்' என்றவுடன் ஏதோ ஒரு பெரிய மக்கள்தொகையைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றிவிடும். 'பலர்', 'சிலர்' என்று எழுதினால் அந்தச் சொற்களை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் ஒழுங்கு வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்காத ஆய்வில், ஒருவர் ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்கு அவருக்கு அப்படி நேரவில்லை என்று பொருளில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயர்களை மாற்றிவிட்டேன். அடையாளம் மறைக்க அது போதும்தானே?
— சமூகப்பணி மாணவர் ஒருவர்

போதாது. வெளியாட்களிடமிருந்து மறைப்பது எளிது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்குள் மறைப்பதுதான் கடினம். ஆர்தர் விடிச்சும் ஜோசப் பென்ஸ்மனும் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரைப் பற்றி 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்று மாற்றுப்பெயர் இட்டு, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் ஊர்த் தலைவர் ஒருவர்தான், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்தான். படித்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் கண்டுகொண்டார்கள். அவ்வாண்டு விடுதலை நாள் ஊர்வலத்தில், நூலின் அட்டையைப் பெரிதாக வரைந்து, முகமூடி அணிந்து, தங்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட பொய்ப்பெயர்களை எழுதிக்கொண்டு வண்டிகளில் வந்தார்கள். கடைசி வண்டி எரு தூவும் வண்டி. அதில் எருவின் மேல் குனிந்தபடி ஆய்வாளரின் உருவ பொம்மை.

ஆகவே 'அதே அமைப்பில் வேலை பார்க்கும் ஒருவர் இதைப் படித்தால் யாரென்று சொல்லிவிடுவாரா?' என்று ஒவ்வொரு மேற்கோளிடமும் கேளுங்கள். சொல்லிவிடுவார் என்றால் வயதை வரம்பாக்கலாம், பதவியைப் பொதுவாக்கலாம், ஒருவரின் இரு மேற்கோள்களை இணைத்துப் பார்க்க முடியாதபடி சில இடங்களில் எண்ணை விட்டுவிடலாம். ஆனால் பொருளையே மாற்றும் விவரத்தை, எடுத்துக்காட்டாகப் பேசியவர் ஆணா பெண்ணா என்பது உங்கள் கூற்றுக்கு அடிப்படை என்றால், மாற்றக் கூடாது. அந்த மேற்கோளைக் கைவிடுவதே மேல். எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதைப் பொதுவாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வரம்புகள் பகுதியில் 'மாதிரி அளவு சிறியது என்பதால் இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்த முடியாது' என்று எழுதுவது கட்டாயமா? கூடவே, 9,000 சொற்களை 5,000 ஆக்கச் சொல்கிறது ஓர் இதழ், எதை வெட்டுவது?
— உதவிப் பேராசிரியர் ஒருவர்

கட்டாயமில்லை; அந்த வாக்கியம் செய்யாத குற்றத்துக்குக் கேட்கும் மன்னிப்பு. புள்ளியியல் பொருளில் பொதுமைப்படுத்துவதாக நீங்கள் எங்கும் சொல்லவே இல்லையே. ஆய்வு முறையியல் அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் 1985இலேயே இதற்கு மாற்றாகப் பெயர்வுத்தன்மை என்ற அளவுகோலை வைத்தார்கள்: உங்கள் களத்தைப் போதிய விவரத்தோடு எழுதிக் கொடுங்கள், அது தம் சூழலுக்குப் பொருந்துமா என்பதை வாசகர் முடிவு செய்வார். வரம்பு என்று எழுத வேண்டியது வேறு: யாரைச் சந்திக்க முடியவில்லை, எதைக் கேட்கத் துணியவில்லை, அதனால் உங்கள் கூற்றின் எந்தப் பகுதி தளர்வாக நிற்கிறது என்பது.

சொல் வரம்பு உண்மையான தொல்லைதான். பண்புசார் கட்டுரைகளுக்கு முன்னுரிமை இல்லை என்ற மருத்துவ இதழ் ஒன்றின் நிலைப்பாட்டை எதிர்த்து 2016இல் 11 நாடுகளைச் சேர்ந்த 76 கல்வியாளர்கள் திறந்த மடலே எழுத நேர்ந்தது. இடம் கிடைப்பதே அரிது என்றிருக்கையில் கிடைத்த 5,000 சொற்களைக் கவனமாகச் செலவிட வேண்டும். பலரும் செய்வது, நான்கு கருப்பொருள்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் மேற்கோளையும் விளக்கத்தையும் பாதியாக்குவது. அதன் பிறகு எஞ்சுவது மீண்டும் தலைப்புகளின் பட்டியல்தான். இரண்டு கருப்பொருள்களை முழுதாக நீக்கி இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாய்வு மதிப்பாய்வில், உங்கள் கூற்றோடு மோதாத, உடன்படவும் செய்யாத ஆய்வுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். முறையியலில் பாடநூல் வரையறைகளை நீக்கினாலே 400 சொற்கள் மிஞ்சும். பங்கேற்பாளர் விவரங்களை அட்டவணையாக்குங்கள். மேற்கோளுக்குப் பின் வரும் உங்கள் இரண்டு வரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அவற்றை வெட்டச் சொல்லி மதிப்பீட்டாளரே எழுதினாலும், ஒருமுறை மறுத்துப் பதில் எழுதிப் பாருங்கள்.